விண்கலங்களில் மின் உந்துபொறி

திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் இந்தியாவின் திரவ எரிபொருள் ராக்கெட்டு எஞ்சின்கள் சோதிக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்றாகிய ‘விகாஸ்’ எஞ்சின் ஏறத்தாழ 80 டன் எடையைத் தாங்கவல்ல விசையைத் தருகிறது. 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் முற்றிலும் வேறு வகையான ஓர் எஞ்சினைப் பற்றி அறிவித்தது. அது 1,000 மணி நேரம் இயங்கிச் சோதனையில் தேறியது. ஆனால் அது தரும் விசையோ 300 மில்லிநியூட்டன் மட்டுமே. பத்து ரூபாய் நாணயங்கள் நான்கினை உள்ளங்கையில் வைத்தால் அவை கையை எவ்வளவு அழுத்துமோ அவ்வளவே இவ்விசை. இத்துணைச் சிறிய விசையால் சில டன் நிறையுள்ள துணைக்கோளை நகர்த்த இயலுமா? இயலுமெனின் அதனால் விளையும் நன்மை யாது?

வேகமும் சிக்கனமும்

விண்வெளியில் உந்தி நடக்க நிலமும் இல்லை. துழாவிச் செல்ல நீரும் இல்லை. விண்கலம் தான் சுமந்து வந்த பொருளில் ஒரு பகுதியைப் பின்னோக்கி வீசியே முன்னேற வேண்டும். அசையா நீரில் நிற்கும் ஓடத்திலிருந்து ஒருவன் கற்களைப் பின்புறமாக எறிந்தால் ஓடம் முன்னே நகரும். கற்களை மெல்ல எறிந்தால் பல கற்கள் செலவாகும். வேகமாக எறிந்தால் சில கற்களே போதும். ரஷ்ய அறிஞர் சியோல்கோவ்ஸ்கி 1903ஆம் ஆண்டில் வெளியிட்ட ராக்கெட்டுச் சமன்பாட்டின் சாரமும் இதுவே.

துணைக்கோள்களில் வழக்கமாகப் பயன்படும் இரசாயன எஞ்சினிலிருந்து வாயு வினாடிக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. எரிபொருளினுள் பொதிந்துள்ள ஆற்றல் ஒரு வரம்புக்கு உட்பட்டது. ஆகவே இவ்வேகமும் வரம்புக்கு உட்பட்டதே. மின் உந்துபொறியில் வீசப்படும் பொருள் வேறு, ஆற்றல் தரும் மூலம் வேறு. ஆற்றல் சூரிய மின்பலகைகளிலிருந்து வருகிறது. எனவே வாயுவை வினாடிக்கு 16 கிலோமீட்டர் வேகத்திலும் வெளியேற்ற இயலுகிறது.

இதன் பயனை ஓர் எளிய கணக்கால் உணரலாம். பூமியின் நடுக்கோட்டிற்கு மேல் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிலைகொண்டுள்ள செய்தித்தொடர்புத் துணைக்கோளைச் சூரியனும் சந்திரனும் ஓயாது ஈர்ப்பதால், அதன் பாதை வடக்கு தெற்காகச் சாய்ந்துகொண்டே போகும். அச்சாய்வைத் திருத்த ஆண்டுதோறும் வினாடிக்கு ஏறத்தாழ 50 மீட்டர் அளவு வேகமாற்றம் தேவை. பதினைந்து ஆண்டுகளுக்கு 750 மீட்டர். துணைக்கோளின் நிறை 2,000 கிலோகிராம் எனக் கொண்டால், இப்பணிக்கு இரசாயன முறையில் சுமார் 440 கிலோகிராம் எரிபொருள் வேண்டும். மின் முறையிலோ 92 கிலோகிராம் வாயுவே போதுமானது. மிச்சமாகும் 350 கிலோகிராமுக்குக் கருவிகளைக் கூடுதலாக ஏற்றலாம். அல்லது துணைக்கோளையே இலகுவாக அமைக்கலாம்.

பொறியின் அமைப்பு

இந்தியா சோதித்தது ‘நிலை பிளாஸ்மா உந்தி’ என்னும் வகையைச் சேர்ந்தது. வாயுவின் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்து, நேர்மின்னேற்றமுடைய அயனிகளும் எலெக்ட்ரான்களும் கலந்து நிற்கும் நிலையே பிளாஸ்மா. வகுப்பறையில் எரியும் குழல் விளக்கினுள் ஒளிர்வதும் பிளாஸ்மாவேயாகும்.

பொறியின் உறுப்புகள் சிலவே. பீங்கான் போன்ற பொருளாலான வளைய வடிவப் பள்ளம் ஒன்று. அதன் அடியில் நேர்மின்வாய். பள்ளத்தின் குறுக்கே காந்தப்புலத்தை உண்டாக்கும் மின்காந்தங்கள். வெளியே எலெக்ட்ரான்களை உமிழும் எதிர்மின்வாய். இரு மின்வாய்களுக்குமிடையே ஏறத்தாழ 300 வோல்ட் மின்னழுத்தம் தரப்படுகிறது. எலெக்ட்ரான்கள் நேர்மின்வாயை நோக்கி விரைகின்றன. ஆயினும் காந்தப்புலம் அவற்றை வழிமறித்துப் பள்ளத்தைச் சுற்றிச் சுற்றி ஓடச் செய்கிறது. அவ்வாறு சுழலும் எலெக்ட்ரான்கள் உள்ளே செலுத்தப்படும் வாயுவின் அணுக்களை மோதி அயனிகளாக்குகின்றன. அயனிகள் எலெக்ட்ரான்களைவிடப் பல்லாயிரம் மடங்கு கனமானவையாதலால் காந்தப்புலத்தால் அதிகம் வளைவதில்லை. அவை மின்புலத்தால் உந்தப்பட்டு நேரே வெளியே பாய்கின்றன. அப்பாய்ச்சலின் எதிர்விசையே துணைக்கோளை நகர்த்துகிறது.

நேர்மின்னேற்றமுடைய அயனிகள் மட்டுமே வெளியேறிக்கொண்டிருந்தால் துணைக்கோள் எதிர்மின்னேற்றம் பெற்று, சென்ற அயனிகளையே திரும்ப இழுக்கத் தொடங்கும். வெளியேயுள்ள எதிர்மின்வாய் தாரையினுள் எலெக்ட்ரான்களையும் செலுத்தி இக்கேட்டைத் தவிர்க்கிறது.

இதற்குப் பெரிதும் பயன்படும் வாயு ஸெனான். அதன் அணு கனமானது, எளிதில் அயனியாவது, பிற பொருள்களோடு வினைபுரிந்து பொறியை அரிக்காதது, அழுத்திச் சிறிய கலத்தில் அடைக்கத் தக்கது. காற்றில் கோடியில் ஒரு பங்கிற்கும் குறைவாகவே இருப்பதால் விலை மிகுதி என்பதே அதன் குறை.

சிக்கனத்திற்குத் தரும் விலை

வேகத்தை மிகுதியாக்கினால் வாயு மிச்சமாகும்; ஆனால் அதே விசைக்கு வேண்டிய மின்சாரம் பெருகும். மேற்கூறிய 300 மில்லிநியூட்டன் பொறி 5.4 கிலோவாட் மின்திறனில் இயங்கியது. ஆயிரம் வாட் சலவைப்பெட்டிகள் ஐந்தினை ஒருங்கே இயக்கும் திறன் இது. மின்பலகைகளின் பரப்பு கூடாமல் விசை கூடாது.

மற்றொரு விலை காலம். ராக்கெட்டிலிருந்து பிரிந்த துணைக்கோளைத் தன் இறுதிப் பாதைக்கு உயர்த்த, ஏவும் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இரசாயன எரிபொருளாகவே செலவாகிறது. பணியோ சில நாள்களில் முடிகிறது. 4,000 கிலோகிராம் துணைக்கோளை இத்தகைய மின் உந்திகள் இரண்டினால் உயர்த்துவதாயின், நாளொன்றுக்கு வினாடிக்கு 13 மீட்டர் வேகமே கூடும். மொத்தம் 2.2 கிலோமீட்டர் வேகமாற்றம் தேவையெனக் கொண்டால், ஏறத்தாழ 170 நாள்கள் ஆகும். அத்தனை காலமும் அது பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சுப் பட்டைகளைப் பலமுறை கடந்தாக வேண்டும். எனினும் செலவாகும் வாயு சுமார் 500 கிலோகிராமே. இரசாயன எரிபொருளோ 1,600 கிலோகிராமாகியிருக்கும்.

தரையிலிருந்து மேலெழும் பணிக்கு இப்பொறி உதவாது என்பதும் இதனால் தெளிவாகும். தன் எடையையே தூக்க இயலாத பொறி இது. உராய்வற்ற வெற்றிடத்தில், நெடுங்காலம் இடைவிடாது தள்ளுவதே இதன் வலிமை.

பிற நாடுகளும் இந்தியாவும்

1964ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் ‘செர்ட்-1’ விண்ணில் அயனிப் பொறியை அரை மணி நேரம் இயக்கிக் காட்டியது. 1971இல் சோவியத்து நாடு வானிலைத் துணைக்கோள் ஒன்றில் பிளாஸ்மா உந்தியைப் பொருத்தியது. 2007இல் ஏவப்பட்ட ‘டான்’ விண்கலம் அயனிப் பொறியின் துணையால் வெஸ்டா, ஸீரிஸ் என்னும் இரு வான்பொருள்களையும் அடுத்தடுத்து வலம்வந்தது.

இந்தியாவின் முதல் முயற்சி கைகூடவில்லை. மின் உந்திகளைச் சுமந்த ஜிசாட்-4, 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 15 அன்று ராக்கெட்டின் மேலடுக்கு செயற்படாமையால் இழக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டு மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட 2,230 கிலோகிராம் நிறையுடைய தெற்காசியத் துணைக்கோளாகிய ஜிசாட்-9, மின் உந்திகளோடு தன் பாதையை அடைந்தது.

இம்முயற்சியின் இன்றியமையாமையை வேறு இரு நிகழ்ச்சிகள் உணர்த்தும். 5,854 கிலோகிராம் ஜிசாட்-11 துணைக்கோள் 2018 டிசம்பரில் தென்னமெரிக்காவின் பிரெஞ்சுக் கயானாவிலிருந்தும், 4,700 கிலோகிராம் ஜிசாட்-என்2 துணைக்கோள் 2024 நவம்பரில் அமெரிக்காவிலிருந்தும் அயல்நாட்டு ராக்கெட்டுகளால் ஏவப்பட்டன. இந்தியாவின் எல்.வி.எம்.-3 ராக்கெட்டு இத்தகைய மாற்றுப் பாதைக்கு ஏறத்தாழ 4 டன் எடையையே கொண்டுசெல்லும். துணைக்கோளின் நிறையில் பெரும்பகுதி எரிபொருளாக இருக்கும்வரை இந்நிலை மாறுவது கடினம். அவ்வெரிபொருளைக் குறைத்தால், அதே கருவிகளை உள்நாட்டு ராக்கெட்டே ஏற்றிச் செல்லக்கூடும்.

300 மில்லிநியூட்டன் பொறியைத் தொழில்நுட்ப விளக்கத் துணைக்கோள் ஒன்றில் பொருத்துவது திட்டமென 2025இல் அறிவிக்கப்பட்டது. 1,000 மணி என்பது 42 நாள்களுக்குச் சமம். மேற்காட்டிய 170 நாள் பயணத்திற்கோ 4,000 மணிக்கு மேல் ஓட்டம் வேண்டும். அக்காலம் முழுதும் அயனிகள் மோதி மோதிப் பள்ளத்தின் சுவரைத் தேய்த்துக்கொண்டேயிருக்கும். ஆகவே இவ்வகைப் பொறியின் தகுதியை அளக்கும் கோல் அதன் விசையன்று. சுவர் தேய்ந்தொழியுமுன் அது எத்தனை மணி நேரம் உழைக்கும் என்பதேயாகும்.