வீடு வாங்குமுன் வீதியைப் பாருங்கள்

வளைகுடா நாடொன்றில் இருபது ஆண்டுகள் வியர்வை சிந்திய சகோதரர் ஒருவர் முப்பது நாள் விடுமுறையில் தாயகம் திரும்புகிறார். பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டுச் சென்னையில் ஒரு வீடு வாங்கிவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் எண்ணம். நகரின் நடுவே விலை கேட்கவே அச்சமாயிருக்கிறது. எனவே முடிச்சூர், பள்ளிக்கரணை, குன்றத்தூர் என்று புறநகரை நாடுகிறார். தரகர் தம் காரிலேயே அழைத்துச் செல்கிறார். மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. வர்ணம் மணக்கும் சுவர்கள். முகம் தெரியும் தரை. வாசலில் ஆளரவமற்ற அகன்ற சாலை. சகோதரரின் உள்ளம் நிறைந்துவிடுகிறது. விடுமுறை முடியுமுன் பத்திரம் பதிவாகிறது. அவர் விமானம் ஏறிவிடுகிறார்.

கார்த்திகை மாதத்து அடைமழையில் அந்த வீட்டில் இருக்கப்போகிறவர் அவர் அல்லர். அவருடைய மனைவியும், வயது முதிர்ந்த தாயாரும், பள்ளி செல்லும் பிள்ளைகளுமே!

பெருநாளுக்கு ஒரு சேலை எடுக்க நான்கு கடை ஏறி இறங்குகிறோம். வாழ்நாள் சேமிப்பை முழுவதுமாகக் கொட்டி வாங்கும் வீட்டையோ ஒரே ஒரு முறை, அதுவும் விற்பவர் காட்டும் நேரத்தில், அவர் காட்டும் விதத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்கிறோம். வீட்டை நம் கண்ணால், நாம் தேர்ந்தெடுத்த நேரத்தில் பார்க்க வேண்டும். அங்கே வாழப்போகிற பெண்களின் கண்ணாலும் பார்க்க வேண்டும். அதற்கான வழிகளைச் சற்று விரிவாகக் காண்போம்.

தண்ணீரின் முகவரி

வீட்டின் முகவரியைக் கேட்குமுன் தண்ணீரின் முகவரியைக் கேளுங்கள். மழைநீர் தன் பழைய இருப்பிடத்தை மறப்பதில்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்றொரு தெரு இன்றும் இருக்கிறது, ஏரிதான் இல்லை! மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920களில் தியாகராய நகர் உருவாக்கப்பட்டது. பழவந்தாங்கல் என்னும் பெயரிலுள்ள ‘தாங்கல்’ நீர்நிலையைக் குறிக்கும் சொல். ஊர்ப்பெயரையும் தெருப்பெயரையும் கூர்ந்து கேட்பவருக்குப் பாதி உண்மை அங்கேயே விளங்கிவிடும்.

2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டபோது முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகளில் மக்கள் மாடிகளில் தஞ்சம் புகுந்தனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பள்ளிக்கரணை, வேளச்சேரி, பெரும்பாக்கம் பகுதிகளைச் சூழ்ந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022ஆம் ஆண்டு பன்னாட்டுச் சிறப்புப் பெற்ற ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. தென்சென்னையின் ஏரிகள் பலவற்றின் உபரி நீர் வந்து தங்குமிடம் அதுவே. அதன் ஓரத்தில் மனை போட்டால், தண்ணீர் நம் வீட்டுக்கு வந்தது என்று சொல்வதா, நாம் தண்ணீரின் வீட்டுக்குப் போனோம் என்று சொல்வதா?

இப்பகுதிகள் யாவும் வாழத் தகாதவை என்பது பொருளன்று. ஒரே நகரில் ஒரு தெரு மூழ்கும். அடுத்த தெரு நனைவதோடு தப்பும். எனவே, “2015இல் இங்கே தண்ணீர் எதுவரை வந்தது? 2023இல் எத்தனை நாள் நின்றது?” என்று அக்கம்பக்கத்தாரைக் கேளுங்கள். தரகர் சொல்லமாட்டார்; இஸ்திரி வண்டிக்காரர் சொல்லுவார், தேநீர்க் கடைக்காரர் சொல்லுவார். பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவரில் கறைக்கோடு இருக்கிறதா, மின்சார மீட்டர்ப் பெட்டியை உயரத்தில் மாற்றி வைத்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். சாலை, புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் சற்று உயரக்கூடியது. இன்று சாலைக்குச் சமமாக இருக்கும் தரை நாளை அதற்குக் கீழே போய்விடும்.

வெள்ளம் ஒரு துன்பமென்றால் வறட்சி மற்றொன்று. 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் வழங்கும் ஏரிகள் வறண்டு, மக்கள் குடங்களோடு லாரிக்குக் காத்துநின்றதை மறந்துவிட முடியாது. குடிநீர்க் குழாய் வந்துவிட்டதா, ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பா, கோடையில் மாதத்திற்கு எத்தனை லாரி வாங்குகிறார்கள் என்பதைப் பெண்களிடம் கேட்டறியுங்கள். தண்ணீரின் கணக்கு அவர்களுக்கே தெரியும்.

வீட்டுக்கு முன் அண்டை

வீட்டைத் தேடுமுன் அண்டை வீட்டாரைத் தேடு என்பது அரபு மக்களின் பழமொழி. குழம்பு காய்ச்சும்போது நீரைச் சற்று அதிகமாக்கி அண்டை வீட்டாருக்கும் கொடுத்துதவுமாறு நபி பெருமானார் (ஸல்) அவர்கள் தம் தோழருக்கு அறிவுறுத்தினார்கள். நல்ல அண்டை வீட்டார் எந்தச் சமயத்தவராயினும் இறைவன் அளிக்கும் செல்வமே. தந்தை கடல் கடந்திருக்கும் வீட்டில், நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் முதலில் திறக்கப்போவது அவர்களுடைய கதவுதான்.

ஆகவே காரில் போகாதீர்கள், நடந்து போங்கள். இஷாவுக்குப் பிறகு ஒருமுறை போய், தெருவிளக்கு எரிகிறதா, கடைசிப் பேருந்திலிருந்து இறங்கும் பெண் அச்சமின்றி நடந்து வர இயலுமா என்று பாருங்கள். ஃபஜ்ருக்கு அங்கேயே போய்த் தொழுங்கள். பள்ளிவாசல் நடக்கும் தொலைவில் இருக்கிறதா, அங்குப் பிள்ளைகளுக்கு மக்தப் நடக்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். இமாமிடமும் ஜமாஅத் பெரியவர்களிடமும் பத்து நிமிடம் பேசினால், பத்துத் தரகர்கள் சொல்லாததைத் தெரிந்துகொள்ளலாம்.

இன்னொரு கேள்வி. கேட்க மனம் கூசினாலும் கேட்டே ஆக வேண்டியது. மவுத்து நேர்ந்தால் அடக்கம் எங்கே? ஊரில் பிறந்த மஹல்லாவிலேயே மையவாடி இருந்தது. எனவே அதைப் பற்றி நாம் எண்ணியதே இல்லை. புதிதாக முளைத்த நகர்களில் பள்ளிவாசல் எழுந்திருக்கும், மையவாடி இராது. துயரத்தில் தவிக்கும் வேளையில் இடம் தேடி அலைவதை விட, எந்த ஜமாஅத்தில் சேர வேண்டும், அதன் ஒழுங்குமுறை யாது என்பதை முன்பே அறிந்துகொள்வது அறிவுடைமை.

உள்ளே நுழைந்ததும்

புது வர்ணம் பல குறைகளை மறைக்கும். கூரையின் மூலைகளிலும் குளியலறையின் வெளிச்சுவரிலும் ஈரத்தின் சாயல் தெரிகிறதா என்று பாருங்கள். பூச்சில் மயிரிழைபோல் ஓடும் வெடிப்பு பெரும்பாலும் தீங்கற்றது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி அகன்றுகொண்டே போகும் வெடிப்பை மட்டும் பொறியாளர் ஒருவரிடம் காட்டாமல் விடாதீர்கள். தரைக்கல்லை நாணயத்தால் தட்டினால், அடியில் கலவை நிரம்பாத இடம் பொள்ளென்று ஒலிக்கும். குளியலறையில் ஒரு வாளி நீரை ஊற்றி, அது தானாக வடிகிறதா என்று பாருங்கள். எல்லாக் குழாய்களையும் ஒருசேரத் திறந்து பாருங்கள். கதவுகளைத் திறந்து மூடுங்கள்.

புறநகரின் பல பகுதிகளுக்குப் பாதாளச் சாக்கடை இன்னும் எட்டவில்லை. கழிவுநீர்த் தொட்டி எங்கிருக்கிறது, கிணற்றுக்கும் அதற்கும் போதிய இடைவெளி உண்டா என்று கேளுங்கள். தமிழகத்தில் 2003ஆம் ஆண்டு முதல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். குழாய் மட்டும் தொங்குகிறதா, உண்மையிலேயே நிலத்தில் நீர் இறங்குகிறதா என்பதை நேரில் காணுங்கள்.

வாஸ்து பார்ப்பது நமக்கு வேண்டாதது. கிப்லா பார்ப்பது வேண்டியது. சென்னையில் கிப்லா, மேற்கிலிருந்து சற்றே வடக்காகச் சாய்ந்தது. கழிப்பறையின் இருக்கை கிப்லாவை முன்னோக்கியோ பின்னோக்கியோ இல்லாதிருப்பது நலம். அடுத்த வீட்டு மாடியிலிருந்து நம் சமையலறைக்குள் பார்வை விழுமா என்பதையும் இல்லத்தரசியே நின்று பார்த்து முடிவு செய்யட்டும்.

வங்கிக்குப் பதில் நாம்

வட்டிக்கு அஞ்சி வங்கிக் கடனைத் தவிர்ப்போர் நம்மிடையே பலர். அந்தப் பேணுதல் போற்றத்தக்கது. ஆனால் அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கடன் கொடுக்கும் வங்கி தன் பணத்தைக் காக்கும் பொருட்டு வழக்கறிஞரைக் கொண்டு பத்திரங்களை ஆராய்கிறது. ரொக்கமாக வாங்குகிறவருக்கு அந்தக் காவல் இல்லை. வட்டியைத் தவிர்த்தவர் ஆராய்ச்சியையும் தவிர்த்துவிட்டால் இருபது ஆண்டு உழைப்பு ஒரு கையெழுத்தில் கரைந்துவிடும். வங்கி செய்வதை நாமே, நம் செலவில், நாம் அமர்த்தும் வழக்கறிஞரைக் கொண்டு செய்ய வேண்டும். விற்பவர் சுட்டும் வழக்கறிஞர் போதாது.

மூலப்பத்திரம் முதல் இன்றைய பத்திரம் வரை சங்கிலி அறுபடாதிருக்க வேண்டும். குறைந்தது முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்றிதழ் எடுங்கள். பட்டாவையும் அ-பதிவேட்டையும் அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம். நிலம் நீர்நிலை என்றோ புறம்போக்கு என்றோ குறிக்கப்பட்டிருந்தால் அங்கேயே ஸலாம் சொல்லித் திரும்பிவிடுங்கள். அனுமதி பெற்ற வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். தாளில் இரண்டு தளம், தரையில் மூன்று தளம் என்றால் மூன்றாவது தளம் என்றும் தலைவலியே. பொது அதிகாரப் பத்திரத்தைக் கொண்டு ஒருவர் விற்றால், அதிகாரம் கொடுத்தவர் உயிரோடிருக்கிறாரா என்று உறுதி செய்யுங்கள்.

கட்டுநர் விற்கும் அடுக்ககமாயின் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் துணை நிற்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ, எட்டுக்கு மேற்பட்ட வீடுகளாகவோ கட்டப்படும் திட்டங்கள் அச்சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்பட வேண்டும். விற்பனை ஒப்பந்தம் பதிவாகுமுன் விலையில் பத்து விழுக்காட்டிற்கு மேல் கட்டுநர் வாங்கலாகாது. குடியேறிய ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தோன்றினால் செலவின்றிச் சரிசெய்து கொடுப்பது அவருடைய கடமை.

வாரிசும் வக்ஃபும்

வில்லங்கச் சான்றிதழில் எல்லாம் தெரியும் என்று எண்ணிவிடக் கூடாது. பதிவு செய்யப்பட்டவை மட்டுமே அதில் வரும். வாய்மொழியாகச் செய்து உடைமையையும் ஒப்படைத்த ஹிபா அதில் வராது. முஸ்லிம் குடும்பம் ஒன்றிடம் வாங்கும்போது, இறந்தவரின் மனைவி, தாயார், பெண்மக்கள் ஆகியோரின் ஷரீஅத் பங்கு முறையாகப் பிரிக்கப்பட்டதா என்று கட்டாயம் கேளுங்கள். ஆண்மக்கள் மட்டும் கையெழுத்திட்ட பத்திரம் நாளை நீதிமன்றம் ஏறலாம். ஏறாவிட்டாலும், ஒரு சகோதரியின் உரிமையை விழுங்கிய நிலத்தில் நாம் விரிக்கும் முஸல்லாவில் எப்படி மனநிறைவு கிட்டும்?

அவ்வாறே வக்ஃபு. இறைவனுக்கென அர்ப்பணிக்கப்பட்ட சொத்தை விற்க முத்தவல்லிக்கும் உரிமையில்லை. வக்ஃபு சட்டப்படி அத்தகைய விற்பனை செல்லாது. பழைய தர்காவோ பள்ளிவாசலோ அருகில் இருக்குமாயின், மனையின் சர்வே எண்ணைக் கொடுத்து வக்ஃபு வாரியத்தில் விசாரித்துவிடுங்கள்.

கட்டுங்கள், பிறகு ஒப்படையுங்கள்

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு போதித்த மார்க்கம் நம்முடையது. கட்டாமல் விட்டுவிட்டு, ‘நஸீபு’ என்று பெருமூச்சு விடுவது தவக்குல் ஆகாது. ஒரே விடுமுறையில் வாங்கித்தான் தீர வேண்டும் என்பதில்லை. கோடையில் பார்த்த வீட்டை மழைக்காலத்தில் மனைவியும் உறவினரும் மீண்டும் பார்க்கட்டும். “இன்னொருவர் நாளையே முன்பணம் தரத் தயார்” என்று தரகர் அவசரப்படுத்தினால், அந்த இன்னொருவருக்கே அது கிடைக்கட்டும் என்று விட்டுவிடுங்கள்.

விசாரித்து, ஆலோசித்து, இறுதியில் இரண்டு ரகஅத் இஸ்திகாராத் தொழுது முடிவெடுங்கள். நாளை நீங்களும் ஒரு வீட்டை விற்க நேரிடலாம். அப்போது கூரையின் ஈரத்தையும் தெருவின் வெள்ளத்தையும் மறைக்காமல் சொல்லி விற்றுவிடுங்கள். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளை வெளிப்படுத்திய வணிகத்தில்தான் பரக்கத் இருக்கிறது என்பது பெருமானார் (ஸல்) அவர்கள் காட்டிய வழி.

உழைத்துச் சேர்த்தவர் திரும்பி வந்து நிம்மதியாகத் தலைசாய்க்கும் இல்லமாக அது அமைய எல்லாம் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.