'அஞ்சு நிமிஷம்'னா எவ்வளவு நேரம் பாஸ்?

"கிளம்பிட்டேன் மச்சி, அஞ்சு நிமிஷத்துல அங்க இருப்பேன்!" இதைச் சொல்றப்போ நீங்க எங்கே இருப்பீங்க? பாதிப் பேர் பாத்ரூம்ல, மீதிப் பேர் போர்வைக்குள்ள. கேட்கிற நண்பன் மட்டும் லேசுப்பட்டவனா? 'அப்போ முக்கால் மணி நேரம்'னு மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டு, இன்னொரு டீ சொல்லிடுவான். 'அப்புறம் பார்க்கலாம்', 'இதோ வந்துட்டேன்', 'நாளைக்குக் கண்டிப்பா'... நம்ம ஊர்ல நேரத்தைச் சொல்ற வார்த்தைகள்ல பாதி, நேரத்தைச் சொல்லாம தப்பிக்கத்தான்!

இந்த மனக்கணக்கு ஆட்டிசம் உள்ள குழந்தைகள்ல பலருக்கு வர்றதில்லை. அம்மா 'அஞ்சு நிமிஷம் பொறு'ன்னா, ஒண்ணு அது கறாரா அஞ்சே நிமிஷம். இல்லைன்னா, எப்போ முடியும்னே தெரியாத காத்திருப்பு.

கம்ப்யூட்டர்ல படம் காப்பி பண்றீங்க. '2 நிமிடம் பாக்கி'ன்னு காட்டும். கொஞ்ச நேரத்துல '47 நிமிடம்'னு தாவும். கடுப்பாகுதுல்ல? இப்போ அந்தப் பச்சைக் கோட்டையும் எடுத்துடுங்க. ஓடுதா, நின்னுடுச்சான்னே தெரியாது. இப்படி ஒரு திரை முன்னாடி தினம் பத்து தடவை உட்கார வெச்சா நாமளும் கத்துவோம். கடையில தரையில புரண்டு அழற பிள்ளையைப் பார்த்து, 'செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டாங்க'ன்னு தீர்ப்பு சொல்றோமே... பல நேரம் அங்கே நடக்கிறது இதுதான்.

'அப்போ அவங்களுக்கு மணி பார்க்கத் தெரியாதா?' அங்கேதான் ட்விஸ்ட். தேதியைச் சொன்னா கிழமையை டக்குனு சொல்ற பிள்ளைகள்கூட ஆட்டிசம் உள்ளவங்கள்ல உண்டு. அதே பிள்ளை பத்து நிமிஷம் க்யூவில் நிக்கத் தவிக்கலாம். நேரத்தைப் படிக்கிறது வேற, அது நகர்றதை உணர்றது வேற. (ஒரு குழந்தை மாதிரி இன்னொரு குழந்தை இருக்காதுங்கிறதையும் மறந்துடாதீங்க.) ஆராய்ச்சிகளும் ஒரு வித்தியாசத்தைச் சொல்லுது. 'அஞ்சு மணிக்கு மாத்திரை போடணும்' என்பதை ஞாபகம் வெச்சுக்கிறது பலருக்குக் கஷ்டம். 'சாப்பிட்டு முடிச்சதும் போடணும்'னா அவ்வளவு கஷ்டமில்லை. கடிகாரத்தைவிட, எதுக்கு அப்புறம் எதுங்கிறது கைகொடுக்குது.

1943-ல் லியோ கேனர் என்ற மனநல மருத்துவர் அமெரிக்காவில் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசம் பற்றிய பேச்சு பெரிசா ஆரம்பிச்சது அதிலிருந்துதான். எல்லாம் எப்பவும் போலவே இருக்கணும்னு அந்தப் பிள்ளைகள் பதற்றத்தோடு விரும்பினதை அவர் அப்பவே குறிச்சு வெச்சார். நம்ம கண்ணுக்கு அது அடம். அடுத்து என்னன்னு தெரியாத பிள்ளைக்கு, நேத்து நடந்த அதே வரிசைதான் கடிகாரம்! 2024 ஜூலை, ஆகஸ்ட்டில் தாம்பரம் யார்டு வேலைக்காக ஏகப்பட்ட மின்சார ரயில்களை ரத்து பண்ணப்போ நாமெல்லாம் திட்டிக்கிட்டே பஸ் பிடிச்சோம். தினமும் அதே ரயில்ல தெரபிக்குப் போற பிள்ளைக்கு அன்னிக்கு நாளே உடைஞ்சு போயிருக்கும்.

சரி, என்ன வழி? நேரத்தைக் கண்ணால் பார்க்க வைக்கிறதுதான். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் எரிக் ஸ்காப்ளர் உருவாக்கி, 1972-ல் அந்த மாகாணம் முழுக்கப் போன 'டீச்' திட்டம் இதைப் பிரபலமாக்குச்சு. பிரஷ், இட்லித் தட்டு, வேன், ஸ்கூல்னு பட அட்டைகளை வரிசையா ஒட்டிடுவாங்க. ஒரு வேலை முடிஞ்சா அந்த அட்டையைப் பிய்ச்சு 'முடிஞ்சது' டப்பாவில் போடணும். போன நேரம் டப்பாவில், வரப்போற நேரம் சுவத்துல! திடீர் மாற்றத்துக்கும் தனியா ஒரு அட்டை உண்டு. இதெல்லாம் எங்கேயோ அமெரிக்காவில்னு நினைக்காதீங்க, நம்ம ஊர் சிறப்பு ஆசிரியர்களும் செய்றதுதான். தாம்பரத்துல இருந்து கிழக்கே போனா முட்டுக்காட்டில் 2005-ல் தொடங்கின மத்திய அரசின் தேசிய நிறுவனமே இருக்கு. பல்வகைக் குறைபாடு உள்ளவங்களுக்கானது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கும் அங்கே தெரபி, சிறப்புக் கல்வி உண்டு.

மினி ப்ராஜெக்ட் கிடைக்காம அலையற இன்ஜினீயரிங் மக்கள் கவனிக்க: ஒரு மைக்ரோ கன்ட்ரோலர், பத்து எல்.இ.டி. நிமிஷத்துக்கு ஒண்ணா அணையணும். அவ்வளவுதான், பத்து நிமிஷம் கண்ணுக்குத் தெரிஞ்சுடும். கடைசியில் பஸ்ஸர் மட்டும் வெச்சுடாதீங்க. திடீர்ச் சத்தம் இவங்கள்ல பலருக்குத் தாங்காது. அந்த டெமோவை நம்ம ஹெச்.ஓ.டி.யோட நிறுத்திக்கலாம்.

ப்ராஜெக்ட் எல்லாம் வேணாம்னா, தாம்பரம் ரயில்ல பக்கத்து சீட்டுல ஒரு பிள்ளை "எப்போ வரும்? எப்போ வரும்?"னு கேட்டுக்கிட்டே இருந்தா, 'இன்னும் கொஞ்ச நேரம்'னு சொல்லாதீங்க. "திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், அப்புறம் தாம்பரம்"னு விரல் விட்டுச் சொல்லுங்க. ஒவ்வொரு ஸ்டேஷன் தாண்டும்போதும் ஒரு விரலை மடக்குங்க. மறுபடி கேட்டா, மறுபடி சொல்லுங்க.