பினாங்கில் தங்கிவிட்ட சீனர்கள், ஊர் திரும்பிய செட்டியார்கள்: ஏன் இந்த வித்தியாசம்?

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் போனால் பர்மா தேக்கில் இழைத்த பெரிய வீடுகள் பல பூட்டிக் கிடப்பதைப் பார்க்கலாம். கட்டிய பணம் பர்மாவிலும் மலேயாவிலும் சம்பாதித்தது. தெற்குச் சீனாவின் கைபிங்கிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். அமெரிக்கா, கனடா, தென்கிழக்கு ஆசியா என்று பிழைக்கப் போனவர்களின் பணத்தில் எழும்பிய கோபுர வீடுகள் சுமார் 1,800 அங்கே நிற்கின்றன. கொள்ளையர் பயத்தால் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கோட்டை. 2007-லேயே அவற்றுக்கு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய அந்தஸ்து கிடைத்துவிட்டது. செட்டிநாடோ 2014-ல் உத்தேசப் பட்டியலில் ஏறியதோடு சரி.

கடல் தாண்டிய இந்த இரண்டு கூட்டமும் சந்தித்த இடம் மலேயா. பினாங்கிலும், சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டிலும் கிட்டங்கி போட்டு செட்டியார்கள் வட்டிக்குக் கொடுத்தார்கள். ஐரோப்பிய வங்கிகள் சின்ன வியாபாரியை ஏறெடுத்தும் பார்க்காத காலம் அது. ஈயச் சுரங்கம் தோண்டிய, ரப்பர் போட்ட, கடை வைத்த சீனர்கள் பலர் புரோநோட்டு எழுதிக்கொடுத்து இவர்களிடம்தான் பணம் வாங்கினார்கள்.

சரி, அவர்கள் அங்கேயே வேர் பிடித்தார்கள், நம்மவர்களில் பெரும்பாலோர் ஏன் திரும்பினார்கள்?

ஆரம்பத்தில் ரெண்டு பேருமே தங்கும் எண்ணத்தில் போகவில்லை. செட்டியார் கடை ஏஜென்ட்டுக்கு மூன்று வருஷக் கணக்கு. மனைவி, பிள்ளைகள் ஊரில். இவர் கணக்கு முடித்துத் திரும்பினால் அடுத்தவர் கப்பல் ஏறுவார். சீனர்களிலும் பெரும்பாலோர் தனியாளாகத்தான் போனார்கள். 1933-ல் சிங்கப்பூரில் வந்த வெளிநாட்டவர் சட்டம் சீன ஆண்களின் வரவுக்கு உச்சவரம்பு வைத்தது. பெண்களை அது தடுக்கவில்லை. அடுத்த சில வருஷங்களில் பெண்கள் கப்பல் கப்பலாக வந்தார்கள், குடும்பங்கள் உருவாயின. 1949-ல் சீனாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்ததும் ஊர் திரும்பும் ஆசையும் பலருக்கு விட்டுப்போனது. தொலைநோக்குத் திட்டம் என்றெல்லாம் இதைச் சொல்ல முடியாது. இன்று சிங்கப்பூர்வாசிகளில் நான்கில் மூன்று பேர் சீன வம்சாவளியினர்.

பணத்திலும் பாதை பிரிந்தது. பொருளாதார மந்தத்தில் மூன்று சீன வங்கிகள் 1932-ல் இணைந்து ஓசிபிசி ஆனது. 1937-ல் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் ஐஓபியைத் தொடங்கியபோது முதல் நாளே கிளை திறந்த ஊர்கள் காரைக்குடி, சென்னை, ரங்கூன். அஞ்சே வருஷத்தில் ஜப்பான் படை ரங்கூனுக்குள் நுழைந்தது.

செட்டியார்கள் 1894-ல் கப்பலில் கொண்டுபோன வெள்ளித் தேர் மட்டும் பினாங்கிலேயே தங்கிவிட்டது. தைப்பூசத்துக்கு அது வீதியுலா வரும்போது, வழியெங்கும் தேங்காயைக் குவித்துவைத்து உடைப்பவர்களில் சீனர்கள் ஏராளம்.