துருப்பிடித்த ஸ்போர்ட்ஸ் காருக்கு மறுவாழ்வு

பழைய மோட்டார் கார் வாங்கப் போகிறவர் பணப்பையோடு ஒரு காந்தத்தையும் எடுத்துச் செல்ல வேண்டும் என்று இங்கிலாந்தில் அனுபவசாலிகள் சொல்வது வழக்கம். பெரிய காந்தம் தேவையில்லை; மெல்லிய துணியில் சுற்றிய சிறு துண்டு போதும். காரின் பளபளப்பான பக்கங்களில், முக்கியமாகச் சக்கரங்களை ஒட்டிய கீழ்ப்பகுதிகளிலும் கதவுக்கு அடியிலும் அதை மெல்ல நகர்த்திக்கொண்டே போக வேண்டும். தகடு உள்ள இடமெல்லாம் காந்தம் பிடிக்கும். ஓரிடத்தில் சட்டென்று பிடி தளர்ந்து நழுவினால் அங்கே இரும்பு இல்லை என்று பொருள். துரு தின்ற ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, மேலே வண்ணம் பூசி மறைத்திருக்கிறார்கள்!

நாம் இங்கே எடுத்துக்கொள்ளும் கார் எம்.ஜி.பி. என்பது. இருவர் அமரக்கூடிய, மேற்கூரை இல்லாத ஸ்போர்ட்ஸ் கார். ஆக்ஸ்போர்டு நகருக்குத் தெற்கே உள்ள அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை இது தயாராயிற்று. கூரை வைத்த வகையையும் சேர்த்தால் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. 1,798 கன செ.மீ. கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் என்ஜின், எளிய அமைப்பு, சாதாரண ஸ்பானர்களைக் கொண்டே பெரும்பாலான வேலைகளை முடித்துவிடலாம். கையில் அதிகப் பணம் இல்லாமல், வீட்டுக் கொட்டகையிலேயே ஒரு பழைய காரைப் புதுப்பிக்க ஆசைப்படுகிறவர்கள் இதைத் தேடிப் போவதற்கு இவை போதுமான காரணங்கள். உதிரிப் பாகங்களுக்கும் பஞ்சமில்லை. 1988-ல், பழைய அச்சுக்கருவிகளைக் கொண்டே முழு பாடியையும் புதிதாக வார்த்து விற்கத் தொடங்கினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இப்படி ஆசையோடு தொடங்கிய வேலைகளில் பல பாதியில் நின்றுவிடுகின்றன. என்ஜினைக் கழற்றிப் பளபளவென்று துலக்கியாகிவிட்டது, இருக்கைகளுக்குப் புதுத் தோல் தைத்தாகிவிட்டது, கையிருப்பும் தீர்ந்துவிட்டது. அதன் பிறகுதான் வண்டியின் அடித்தளமே உளுத்துப்போயிருப்பது தெரிய வருகிறது. எதை முதலில் செய்வது என்பதை நாம் முடிவு செய்ய முடியாது. காரின் கட்டமைப்பும் துருவின் இயல்பும்தான் முடிவு செய்கின்றன. அவற்றைப் புரிந்துகொண்டால் செலவு தானே குறையும்.

முதலில் கட்டமைப்பைப் பார்ப்போம். பழைய காலத்துக் கார்களிலும் இன்றைய லாரிகளிலும் சேசிஸ் என்னும் கனத்த இரும்புச் சட்டம் தனியே இருக்கும். பாடி அதன்மேல் உட்காரும். எம்.ஜி.பி.யில் தனிச் சேசிஸ் கிடையாது. மெல்லிய எஃகுத் தகடுகளைப் பெட்டி பெட்டியாக மடித்து, ஒன்றோடொன்று பற்றவைத்து, பாடியையே சட்டமாகவும் ஆக்கியிருக்கிறார்கள். வீட்டில் செருப்பு வாங்கி வந்த அட்டைப்பெட்டி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மூடியைப் போட்டு இரு முனைகளையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், எளிதில் வளையாது. மூடியை எடுத்துவிட்டு முறுக்கினால் தொளதொளவென்று ஆடும். மேற்கூரை இல்லாத காரும் மூடி இல்லாத பெட்டிதான். கூரை தாங்கியிருக்க வேண்டிய சுமையையும் சேர்த்துத் தரைப்பகுதி தாங்க வேண்டியிருக்கிறது.

அந்தச் சுமையில் பெரும்பங்கைச் சுமப்பது, கதவுக்கு அடியில் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை இரு பக்கமும் ஓடும் நீண்ட தகரக் கூடு. காரில் ஏறும்போது நாம் தாண்டிக் கால் வைக்கும் வாசற்படி அது. இக்கட்டுரையில் அதைப் படிப்பெட்டி என்று சொல்வோம். உள்ளே ஒரு தகடு, வெளியே ஒரு தகடு, இரண்டுக்கும் நடுவில் செங்குத்தாக ஒரு தடுப்புத் தகடு. வெளியிலிருந்து பார்த்தால் வண்ணம் பூசிய ஒரு பட்டை மட்டுமே தெரியும். அலங்காரத் தகடு என்றுதான் பார்ப்பவர் நினைப்பார்; உண்மையில் வண்டியின் முதுகெலும்பே அதுதான்.

இனி துருவுக்கு வருவோம். மூன்று சோதனைக் குழாய்களில் மூன்று ஆணிகளைப் போட்டு, காற்றும் நீரும் சேர்ந்தால்தான் இரும்பு துருப்பிடிக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அப்படியானால் காற்று நன்றாகப் படும் வெளிப்புறந்தானே முதலில் துருப்பிடிக்க வேண்டும்? காரிலோ காற்றே நுழையாத இடுக்குகளும் சேறு அடைத்த மூலைகளும்தான் முதலில் அரித்துப்போகின்றன. இது ஏன்?

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த யூலிக் எவன்ஸ் என்ற அறிஞர் 1920-களில் இதை ஒரே ஒரு துளி உப்பு நீரைக் கொண்டு விளக்கினார். பள்ளி ஆய்வுக்கூடத்தில் நீங்களும் செய்து பார்க்கலாம். நன்றாகத் தேய்த்த இரும்புத் தகட்டின்மேல், பொட்டாசியம் பெரிசயனைடும் பினாப்தலீனும் சிறிதளவு கலந்த உப்பு நீரை ஒரு துளி விட வேண்டும். சற்று நேரத்தில் துளியின் நடுப்பகுதி நீல நிறமாகும், விளிம்பு இளஞ்சிவப்பாகும். நீலம், இரும்பு கரைந்து அயனியாகிறது என்பதற்கு அடையாளம். இளஞ்சிவப்பு, ஆக்சிஜன் எலெக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு காரத்தன்மையை உண்டாக்குகிறது என்பதற்கு அடையாளம். காற்று எளிதில் கிடைக்கும் விளிம்பு எதிர்மின்வாயாகவும், காற்று குறைந்த நடுப்பகுதி நேர்மின்வாயாகவும் மாறி, ஒரு துளிக்குள்ளேயே ஒரு குட்டி மின்கலம் வேலை செய்கிறது. அரிக்கப்படுவது நேர்மின்வாய், அதாவது காற்றுக் குறைந்த இடம்.

சேறு அப்பிய மூலைக்கும், இரு தகடுகள் ஒட்டிய இடுக்குக்கும் இதே கதைதான். எம்.ஜி.பி.யின் முன்சக்கரங்கள் வாரியடிக்கும் சேறு மட்கார்டின் உட்புறத்தில் தங்கி, மாதக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். அங்கிருந்து ஈரம் படிப்பெட்டியின் முனைக்கு இறங்குகிறது. பெட்டியின் அடியில் நீர் வடிவதற்கென்று சிறு துளைகள் விட்டிருக்கிறார்கள். சேறு அவற்றையும் அடைத்துவிடும். போதாக்குறைக்கு, பிரிட்டனில் குளிர்காலத்தில் சாலையில் பனி உறையாமலிருக்க உப்பைத் தூவுகிறார்கள். உப்பு கலந்த நீர் மின்சாரத்தை நன்கு கடத்துமாதலால் அந்தக் குட்டி மின்கலங்களின் வேகம் பெருகிவிடும். சென்னைக் கடற்கரையோர வீடுகளின் சன்னல் கம்பிகளைப் பார்த்தவர்களுக்கு உப்பின் கைவரிசையைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று: துரு, தான் தின்ற இரும்பைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைத்துக்கொள்ளும். எனவே இடுக்கில் பிடித்த துரு, ஆப்பு வைத்துப் பிளப்பதுபோல் தகடுகளைப் பிரித்து, மேலும் ஈரத்துக்கு வழி திறந்துவிடுகிறது.

வேலையைத் தொடங்குமுன் படிப்பெட்டி எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய ஒரு சோதனை உண்டு. கதவை மூடி, அதைச் சுற்றியுள்ள இடைவெளியைக் குறித்துக்கொண்டு, வண்டியை ஜாக்கியால் மெல்லத் தூக்க வேண்டும். இடைவெளி மாறினால், அல்லது கதவு திறக்க மறுத்தால், பெட்டி உளுத்துவிட்டது. சில வண்டிகளில் ஜாக்கியே தகட்டைப் பொத்துக்கொண்டு உள்ளே போய்விடும்! இதனால்தான் வண்டிக்கு அடியில் படுக்குமுன் உறுதியான இரும்புத் தாங்கிகளை, உறுதியான இடம் பார்த்துக் கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுத்து உயிரை விட்டவர்கள் உண்டு.

உளுத்த தகட்டின்மேல் புதுத் தகட்டைப் போர்த்திப் பற்றவைத்துவிடும் பழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. மலிவான வேலைதான், ஆனால் அடியில் உள்ள ஈரமும் துருவும் அப்படியே இருப்பதால் சில ஆண்டுகளில் புதியதும் போய்விடும். ஒரே வேலைக்கு இருமுறை பணம் கொடுப்பதைச் சிக்கனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக வைப்பதே முறை.

அப்படி வெட்டும்போதுதான் பெரிய ஆபத்து காத்திருக்கிறது. முதுகெலும்பை எடுத்துவிட்டால் உடல் நிற்குமா? முட்டுக் கொடுக்காமல் படிப்பெட்டியை அறுத்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். தொய்ந்த நிலையிலேயே புதுத் தகட்டைப் பற்றவைத்தால் அந்தக் கோணல் நிலைத்துவிடும். பிறகு கதவு ஒருநாளும் சரியாக மூடாது. எனவே கதவு மாட்டும் தூணிலிருந்து கதவு பூட்டும் தூண் வரை ஒரு கனத்த இரும்புக் குழாயைக் குறுக்கே பிணைக்க வேண்டும். வண்டியின் எடையைச் சக்கரங்கள் தாங்கும் இடங்களிலேயே தாங்கச் செய்ய வேண்டும். ஒரு பக்கத்தை முழுவதும் முடித்த பின்பே மறுபக்கத்தைத் தொட வேண்டும். இடையிடையே கதவை மாட்டி, இடைவெளி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போவது நல்லது.

தகட்டின் தடிப்பு ஏறத்தாழ ஒரு மி.மீ.தான். ஒரே இடத்தில் தொடர்ந்து பற்றவைத்தால் ஓட்டை விழும். ஓட்டை விழாவிட்டால் சூட்டில் நெளிந்துகொள்ளும். வாயுக் காப்புள்ள மின்வெல்டிங்கில் இங்கொரு புள்ளி, ஓரடி தள்ளி அங்கொரு புள்ளி என்று வைத்து, தகடு ஆற ஆற இடையை நிரப்ப வேண்டும். பிரிட்டனில் பலர் மாலை வகுப்பில் சேர்ந்து இக்கலையைக் கற்றுக்கொள்கிறார்கள். செலவில் பெரும்பகுதி டிங்கரிங் கூலிதான் என்பதால் அந்தக் கட்டணம் விரைவில் ஈடாகிவிடும். பற்றவைக்குமுன் பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். பெட்ரோல் தொட்டியை வண்டியை விட்டே அகற்றிவிட வேண்டும். காலித் தொட்டிதானே என்று அருகில் வைத்துக்கொள்வது பெரும் பிழை. நிறைந்த தொட்டியைவிட ஆவி நிரம்பிய காலித் தொட்டியே எளிதில் வெடிக்கும்.

சிறு உறுப்புகளின் துருவைப் போக்கச் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. பிளாஸ்டிக் வாளி நிறைய நீரில் ஓரிரு கரண்டி சலவை சோடாவைக் கரைத்து, துருப்பிடித்த உறுப்பை அதில் தொங்கவிட வேண்டும். அதைப் பன்னிரண்டு வோல்ட் பாட்டரி சார்ஜரின் எதிர் முனையோடும், பழைய இரும்புத் துண்டு ஒன்றை நேர் முனையோடும் இணைத்து, இரண்டும் தொட்டுக்கொள்ளாமல் வைக்க வேண்டும். துருப்பிடித்தபோது நேர்மின்வாயாக இருந்து எலெக்ட்ரான்களை இழந்த இரும்பு, இப்போது எதிர்மின்வாயாகி அவற்றைப் பெறுகிறது. துருவின் ஒரு பகுதி கறுத்து இளகும். கிளம்பும் ஹைட்ரஜன் குமிழிகள் அதை உதிர்க்கும். மறுநாள் கம்பித் தூரிகையால் தேய்த்தால் கழன்றுவிடும்.

இதில் சில எச்சரிக்கைகள். ஹைட்ரஜன் தீப்பற்றும், திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். சோடாவுக்குப் பதில் சாப்பாட்டு உப்பைப் போட்டால் குளோரின் கிளம்பும். நேர் முனையில் துருப்பிடிக்காத எஃகைத் தொங்கவிட்டால் நச்சுள்ள குரோமியச் சேர்மங்கள் நீரில் கலந்துவிடும். அலுமினிய உறுப்புகளைக் காரம் அரித்துவிடும். ஸ்பிரிங் போன்ற கடினமான எஃகு உறுப்புகளையும் இம்முறையில் சுத்தம் செய்யக் கூடாது. ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கச் செய்யக்கூடும்.

பூச்சு வேலையில் பலர் செய்யும் தவறு, பிரைமர் அடித்ததும் வண்டியை வெளியே நிறுத்திவிடுவது. பிரைமர் நுண்துளைகள் உள்ளது, ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மேல்பூச்சு விழும் வரை நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கப்பல்களில் கட்டுவதுபோல் துத்தநாகக் கட்டி ஒன்றைக் காரிலும் பொருத்தினால் துரு வராதா என்று சிலர் கேட்பதுண்டு. கப்பல் எப்போதும் கடல் நீரில் மூழ்கியிருப்பதால் துத்தநாகத்துக்கும் இரும்புக்கும் இடையே மின்சுற்று முழுமை பெறுகிறது. காற்றில் நிற்கும் காரில் அப்படி நேராது. துத்தநாகம் பலன் தர வேண்டுமானால் தகடு முழுவதும் அதன் பூச்சு இருக்க வேண்டும். போர்ஷே நிறுவனம் 1975-லேயே தன் 911 காருக்கு அவ்வாறு செய்யத் தொடங்கியது. மலிவு விலை எம்.ஜி.பி.க்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை.

இருக்கை, கம்பளம், குரோமிய அலங்காரம் எல்லாம் காத்திருக்கலாம். பழையதையே சுத்தம் செய்து போட்டாலும் குடி முழுகிவிடாது. பிரேக்கில் மட்டும் சிக்கனம் கூடாது. பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளுமாதலால் குழாய்கள் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். அவற்றைச் செம்பு-நிக்கல் கலப்புக் குழாய்களாக மாற்றிவிடலாம். பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் இருக்கக்கூடும். அந்தத் தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

பிரிட்டனில் 2018 மே மாதம் முதல், நாற்பது ஆண்டுகளைக் கடந்த, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத கார்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் கட்டாயச் சோதனையிலிருந்து விலக்கு அளித்துவிட்டார்கள். எம்.ஜி.பி.க்கள் எல்லாமே அந்த வயதைத் தாண்டியவை. ஆனால் வண்டி ஓட்டத் தகுந்த நிலையில் இருக்க வேண்டிய பொறுப்பு உரிமையாளருடையதே. படிப்பெட்டி உளுத்த வண்டி மோதலில் எப்படி மடங்கும் என்பதை நினைத்துப் பார்த்து, விலக்கு இருந்தும் தாமாகவே சோதனைக்குக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது சரி என்பதே என் எண்ணம்.

இரு பக்கமும் முடிந்து, வண்ணமும் காய்ந்த பிறகு மீண்டும் ஜாக்கியைக் கொடுத்துத் தூக்கிப் பாருங்கள். கதவின் இடைவெளி மயிரிழையும் மாறாமல் இருந்தால் படிப்பெட்டி தன் வேலையைச் செய்கிறது. கடைசியாக, நீண்ட குழல் வைத்த பீச்சியால் பெட்டியின் உட்புறம் முழுவதும் இளகிய மெழுகைத் தெளிக்க வேண்டும். மெழுகு வடிந்து இறுகியதும், அடியிலுள்ள துளைகளை ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிட மறக்காதீர்கள்.