நிலாப் படத்தின் மச்சங்கள்

கொழிஞ்சாம்பாறை வாசகசாலையிலோ மூணாறு எஸ்டேட் பள்ளிக்கூடத்திலோ பழைய அலமாரியைத் துடைக்கும்போது நிலாத்தரையின் படம் ஒன்று கிடைக்கிறது என்று வையுங்கள். பின்பக்கம் எழுத்தே இல்லை. எங்கிருந்து, எதில் எடுத்தது? அதிலுள்ள கோடுகளைக் கறை என்று தேய்த்துவிடாதீர்கள். மழைக்கால ஈரத்தில் பிடிக்கும் பூஞ்சை கண்டபடி படரும். சீரான இடைவெளியில் நிற்கும் கோடும் குறியும் படத்தோடு பிறந்த மச்சங்கள்.

படம் முழுக்கக் கோரைப்பாய் மாதிரி இணைகோடுகள் ஓடினால், அது பெரும்பாலும் லூனார் ஆர்பிட்டர் எடுத்தது. 1966, 1967ஆம் ஆண்டுகளில் அமெரிக்கா அனுப்பிய 5 கலங்களுக்கு இந்தப் பெயர். ஆளில்லாத அந்தக் கலம் நிலாவைச் சுற்றிக்கொண்டே ஃபிலிமில் படமெடுத்தது. தனக்குள்ளேயே அதைக் கழுவி உலர்த்தியது. பிறகு ஊசிமுனையை விடச் சின்ன ஒளிப்புள்ளி ஒன்று ஃபிலிமைப் பட்டை பட்டையாக வருடியது. ஊடுருவிய வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம் ரேடியோ அலையாகப் பூமிக்கு வந்தது. அந்தப் பட்டைகளை இங்கே பக்கம் பக்கமாகச் சேர்த்தார்கள். நீங்கள் பார்க்கும் கோடு அந்தச் சேர்ப்பின் தையல். இருட்டறையில் ஃபிலிம் கழுவிப் பழகிய பழைய ஸ்டுடியோக்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள், அசந்துபோவார்கள்.

கோடு இல்லாமல், சின்னச் சிலுவைக்குறிகள் வரிசைக்கு 5 வீதம் 5 வரிசை இருந்தால், அப்பல்லோ வீரர்கள் நிலாத்தரையில் நின்று எடுத்ததாக இருக்கலாம். அவர்களின் ஹாசல்பிளாட் கேமராவில் ஃபிலிமை ஒட்டியிருந்த கண்ணாடித் தகட்டில் பொறித்த குறிகள் அவை. அமெரிக்காவின் ஆளில்லாத ரேஞ்சர் கலங்களின் படங்களிலும் குறிகள் உண்டு. ஆகவே எண்ணிப் பார்க்காமல் முடிவு கட்டக்கூடாது.

எந்தக் குறியும் இல்லையா? பள்ளங்களைப் பாருங்கள். பூமியிலிருந்து தொலைநோக்கியில் எடுத்த படத்தில் நிலா விளிம்பை ஒட்டிய பள்ளங்கள் நசுங்கி நீள்வட்டமாகத் தெரியும். பூமியை நோக்காத மறுபக்கம் அதில் தெரியவே தெரியாது; தெரிந்தால் அது விண்கலம் எடுத்த படம். 1959 அக்டோபரில் சோவியத்தின் லூனா 3 தான் அதை முதலில் படம்பிடித்தது.

கடைசி வேலை, இடம் தெரிந்த படத்தோடு ஒப்பிடுவது. பொறுமைதான் இதற்கு மூலதனம். ஓர் எடுத்துக்காட்டு: 2019 செப்டம்பர் 7 அன்று இந்தியாவின் தரையிறங்கு கலமான விக்ரம் நிலாவில் விழுந்து நொறுங்கியது. நாசாவின் கலம் எடுத்த பழைய படத்தையும் புதிய படத்தையும் சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் இரண்டு மடிக்கணினிகளில் அருகருகே வைத்து, புள்ளி புள்ளியாகப் பார்த்துவந்தார். புதியதில் வெளிறிய ஒரு புள்ளி. பழையதில் அது இல்லை. அது விக்ரமின் சிதறல்தான் என்று டிசம்பர் 2 அன்று நாசா உறுதிசெய்தது.