போர்வெல் தண்ணீரும் ஜப்பான் கூலண்டும்

பெங்களூர் ஆடுகோடி சிக்னலை ஒட்டிய சந்து ஒன்றில், பத்து வருடம் ஓடிய இன்னோவா ஒன்று பானட் திறந்து நின்றது. ரேடியேட்டர் மூடியைக் கழற்றியதும் உள்ளே தெரிந்தது துருநிறக் குழம்பு. குழாய் வாயில் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைப் படிவு. மெக்கானிக் ஸ்குரூடிரைவர் நுனியால் சுரண்ட, அது செதில் செதிலாக உதிர்ந்தது.

"தண்ணிதானே ஊத்தினேன் அண்ணா" என்றார் டிரைவர்.

"எந்தத் தண்ணி? போர்வெல்லா?"

டிரைவர் பதில் சொல்லவில்லை. கூலண்ட் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

எரிபொருள் எரிந்து கிடைக்கும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கூலண்ட்தான் ரேடியேட்டருக்குச் சுமந்து போகிறது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், திறந்த பாத்திரத்தில் வெறும் தண்ணீர் இங்கே 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். எஞ்சினின் வழக்கமான சூடே கிட்டத்தட்ட 90 டிகிரி. கூலண்டின் அடிப்பொருளான எத்திலீன் கிளைக்காலும் தூய நீரும் சரிபாதி கலந்து, அழுத்தம் தாங்கும் மூடி போட்டால், கொதிநிலை 120 டிகிரிக்கு மேல் போகிறது. அந்தக் கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது என்பது மணாலிக்காரர்களுக்கு உதவும். ஆடுகோடிக்கு அது முக்கியமில்லை. நமக்கு முக்கியம், அரிப்பைத் தடுக்க அதில் சேர்க்கும் ரசாயனங்கள். அலுமினிய எஞ்சினின் ஆயுளே அவற்றில்தான் இருக்கிறது.

இதில் நாட்டுக்கு நாடு வழி வேறு. ஜப்பானில் ஆறுகள் குறுகியவை, வேகமானவை. எரிமலைப் பாறைகள் மீது ஓடிவரும் அந்த நீர் மென்னீர். ஆகவே அங்கே கூலண்டில் பாஸ்பேட் சேர்ப்பதில் சிக்கல் இல்லை. அது அலுமினியத்தின் மீது சட்டென்று பாதுகாப்புப் படலம் போடும். வாட்டர் பம்ப் சீல் தேயும் என்று அஞ்சி, இன்னொரு தடுப்புப் பொருளான சிலிக்கேட்டை ஒதுக்கிவிட்டார்கள். ஐரோப்பாவில் பல இடங்களில் தண்ணீர் கடினம். பாஸ்பேட் அந்தத் தண்ணீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து படிவாகிவிடும் என்பதால் அங்கே அதைத் தவிர்த்து, சிலிக்கேட் பக்கம் போனார்கள்.

இப்போது அந்த இன்னோவாவுக்கு வருவோம். அந்த டொயோட்டா வண்டியின் ஜப்பான் முறைக் கூலண்டில் பாஸ்பேட். பெங்களூர் போர்வெல் நீரில் கால்சியம். இரண்டும் சூட்டில் சந்தித்தால் விளைவது அந்த வெள்ளைப் படிவுதான். ஆத்திர அவசரத்துக்குக்கூட பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரையே ஊற்றுங்கள்.

ஜே.சி. ரோட்டில் உதிரிபாகக் கடைக்குப் போனால் "பச்சையா, சிவப்பா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நிறம் வெறும் சாயம். டொயோட்டா இப்போது தருவது இளஞ்சிவப்பு, பழையது சிவப்பு. ஹோண்டாவும் சுஸுகியும் தருவது நீலம். அதே சிவப்பில் முற்றிலும் வேறு ரசாயனமும் விற்கிறது. நிறத்தை விட்டுவிட்டு லேபிளைப் படியுங்கள். ஜப்பான் காருக்கு பாஸ்பேட் கலந்த ஆர்கானிக் ஆசிட் வகை வேண்டும். சிலிக்கேட், அமீன், நைட்ரைட், போரேட் இருக்கக்கூடாது. ஜப்பானியத் தர எண் ஜே.ஐ.எஸ். கே 2234. இந்த வகையை "ஹைப்ரிட் ஆர்கானிக் ஆசிட்" என்று லேபிளில் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து ஹைப்ரிட் கார்களுக்கு மட்டுமான கூலண்ட் என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே "ஹைப்ரிட்" என்பது ரசாயனக் கலப்பைக் குறிக்கும் சொல்.

டொயோட்டாவின் இளஞ்சிவப்பு கூலண்ட் முன்பே தண்ணீரோடு சரிபாதி கலந்து வருகிறது. அதில் மேலும் தண்ணீர் சேர்த்தால் காசு மிச்சமாகும், காப்பு குறையும். முதல் மாற்றம் 1,60,000 கிலோமீட்டரில், பிறகு 80,000-க்கு ஒருமுறை. வேறு வகையை நடுவில் ஊற்றிவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது. முழுவதும் வடித்து, கழுவி, புதிதாக நிரப்புவதே சரி.

ஹைப்ரிட் காரில் இன்னொரு கவனம் தேவை. 2022-இல் பெங்களூருக்குப் பக்கத்திலுள்ள டொயோட்டாவின் பிடதி ஆலையிலிருந்து ஹைரைடரும் இன்னோவா ஹைகிராஸும் வரத் தொடங்கியபின், ஆடுகோடிச் சந்துகளுக்கும் ஹைப்ரிட் வந்துவிட்டது. பானட்டைத் திறந்தால் கூலண்ட் டப்பா இரண்டு இருக்கும். ஒன்று எஞ்சினுக்கு. மற்றது இன்வெர்ட்டருக்கு, பேட்டரியின் நேர்மின்சாரத்தை மோட்டாருக்கேற்ற மாறுமின்சாரமாக்கும் பெட்டி அது. எஞ்சின் நின்றிருக்கும்போதும் அது சூடாகும் என்பதால் அதற்குத் தனிச் சுற்று, தனி மின் பம்ப். டொயோட்டாவின் ஹைப்ரிட் காரான பிரியஸில், 2009-இல் வந்த மூன்றாம் தலைமுறை முதல் எஞ்சின் பக்கத்து வாட்டர் பம்பும் மின்சாரத்தில் ஓடுகிறது. அந்தச் சுற்றுகளில் காற்றுக் குமிழ் தங்கினால் சூடு ஏறும். நிரப்பியபின் ஸ்கேனரை மாட்டி, பம்பை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றத் தெரிந்தவரிடமே வேலையைக் கொடுங்கள். இன்வெர்ட்டர் டப்பாவில் மட்டம் இறங்கினால் ஊற்றி நிரப்புவதோடு விடாமல், கசிவைத் தேடச் சொல்லுங்கள். சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும்; ஆனால் நஞ்சு. சந்தில் தேங்கிய பழைய கூலண்டை நக்கும் நாயும் பூனையும் சிறுநீரகம் செயலிழந்து சாகும். வடித்ததைச் சாக்கடையில் கொட்ட விடாதீர்கள். மூடியுள்ள கேனில் பிடித்துவைத்து, கழிவு எண்ணெய் போலவே தனியாக ஒப்படைக்கும்படி உங்கள் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.