ஸ்பாமில் விழுந்த சேலை ஆர்டர்: குப்பை மெயில்களைக் குறைப்பது எப்படி?

ஆரணியில் பட்டுச் சேலை வியாபாரம் செய்யும் வாசகர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். கடை பில்லிலும் விசிட்டிங் கார்டிலும் இமெயில் முகவரியை அச்சிட்ட நாளிலிருந்து அவருக்குக் குப்பை மெயில்கள் கொட்டுகின்றனவாம். எரிச்சலில் ஸ்பாம் போல்டரைத் திறந்தும் பார்க்காமல் மொத்தமாகக் காலி செய்வது அவர் வழக்கம். ஆவணி முகூர்த்தம் ஒன்றுக்காகச் சிங்கப்பூரில் இருந்து வந்த ஆர்டர் அந்தப் போல்டரில் விழுந்து, குப்பையோடு குப்பையாகப் போய்விட்டது. வாடிக்கையாளர் போன் செய்து கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அதற்குப் பிறகு தறியில் பாவு ஏற்றி நெய்து அனுப்ப நாள் இல்லை. "இந்தக் குப்பை அறவே வராமல் இருக்க வழி சொல்லுங்கள்" என்று கேட்கிறார்.

அறவே வராமல் செய்ய முடியாது. ஆனால் பெருமளவு குறைக்கலாம். அதைவிட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. நல்ல மெயில் குப்பைக்குள் போய் விழாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். நாள் முழுக்கக் குப்பை மெயில் வந்தாலும் அழிப்பதற்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். ஆர்டர் ஒன்று தவறினால் வியாபாரமே போகும். எனவே இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

முதலில் இவை ஏன் வந்து கொண்டே இருக்கின்றன? ஆயிரம் நோட்டீஸ் அடித்து பஸ் ஸ்டாண்டில் கொடுத்தால் காகிதச் செலவும் ஆள் கூலியும் ஆகும். பத்து லட்சம் பேருக்கு மெயில் அனுப்ப அந்தச் செலவு ஏறக்குறைய இல்லை. லட்சத்தில் ஒருவர் ஏமாந்தாலும் அனுப்பியவருக்கு லாபம். இந்தக் கணக்கை முதலில் போட்டவர் என்று சொல்லப்படுபவர் கேரி துர்க். டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற அமெரிக்க கம்ப்யூட்டர் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த இவர், 1978 மே 3 அன்று அர்பாநெட் வலையமைப்பில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். ஸ்பாம் என்ற பெயர் பிறகு வந்தது. 1937 முதல் விற்பனையாகும் டின் இறைச்சி ஒன்றின் பெயர் அது. 1970-ல் பிபிசியின் மான்டி பைத்தான் நகைச்சுவை நிகழ்ச்சியில், ஓட்டலில் எந்தப் பலகாரம் கேட்டாலும் அதில் ஸ்பாம் இருக்கும். வேண்டாம் என்றாலும் வந்து நிற்பதால் பெயர் ஒட்டிக் கொண்டது.

உங்கள் முகவரி இவர்களுக்கு எப்படிக் கிடைக்கிறது? இணைய தளங்களில் வரிசையாக நுழைந்து "அட்" குறி உள்ள சொற்களை எல்லாம் பொறுக்கி எடுக்கும் புரோகிராம்கள் உள்ளன. கடையின் இணைய தளத்திலோ, வணிகர் விவரங்களைத் திரட்டித் தரும் தளங்களிலோ முகவரியை எழுத்தாகப் போட்டிருந்தால் அது நிச்சயம் பட்டியலில் ஏறும். காகிதத்தில் அச்சான பில்லை இந்தப் புரோகிராம்கள் படிக்க முடியாது. எனவே நம் வாசகர் பில்லைச் சந்தேகிப்பதைவிட, அதே காலத்தில் எந்தத் தளத்தில் பதிவு செய்தார் என்று யோசிப்பது நல்லது. இன்னொரு வழி, நாம் நம்பிக் கொடுத்த இடத்திலிருந்து திருடு போவது. 2020-ல் பிக்பாஸ்கெட் நிறுவனத்தின் சுமார் 2 கோடி வாடிக்கையாளர்களின் விவரங்கள் இப்படித்தான் வெளியாகின. உங்கள் முகவரி எந்தத் திருட்டிலாவது சிக்கியுள்ளதா என்று பார்க்க "ஹேவ் ஐ பீன் போன்ட்" என்ற இலவசத் தளம் உள்ளது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ட்ராய் ஹன்ட் 2013-ல் தொடங்கியது. தேடும்போது பெயரின் கடைசிச் சொல்லை பி, டபிள்யூ, என், இ, டி என்று டைப் செய்திடவும். அதில் உங்கள் முகவரி இருந்தால், அந்தத் தளத்துக்குக் கொடுத்த பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள். அதே பாஸ்வேர்டை வேறு இடங்களிலும் வைத்திருந்தால் அங்கும் மாற்ற வேண்டும்.

ஒரு கடைக்கு ஒரே முகவரி என்பதைக் கைவிடுங்கள். பில்லிலும் கார்டிலும் போட ஒன்று, இணைய தளங்களில் பதிவு செய்ய வேறொன்று, வங்கிக்கும் ஜிஎஸ்டிக்கும் யாரிடமும் சொல்லாத மூன்றாவது ஒன்று. மூன்றாவது முகவரிக்கு வங்கியின் பெயரில் மெயில் வந்தால் அது உண்மையாக இருக்கலாம். முதல் முகவரிக்கு அதே பெயரில் வந்தால் திறக்காமலேயே போலி என்று சொல்லிவிடலாம்.

ஜிமெயிலில் இதற்கு ஒரு குறுக்கு வழியும் உண்டு. உங்கள் முகவரி ஆரணிசில்க்@ஜிமெயில்.காம் என்று வைத்துக் கொள்வோம் (இதை ஆங்கில எழுத்துகளில் நினைத்துக் கொள்ளவும்). "அட்" குறிக்கு முன் ஒரு பிளஸ் அடையாளமும் ஒரு சொல்லும் சேர்த்து ஆரணிசில்க்+நூல்@ஜிமெயில்.காம் என்று கொடுத்தாலும் மெயில் உங்களுக்கே வரும். பட்டு நூல் விற்கும் தளத்தில் இதைக் கொடுத்துப் பதிவு செய்திருக்கிறீர்கள். பிறகு இதே முகவரிக்கு லோன் விளம்பரம் வந்தால், முகவரி எங்கிருந்து வெளியே போனது என்று தெரிந்துவிடும். சில தளங்கள் பிளஸ் அடையாளத்தை ஏற்பதில்லை. சில ஸ்பாம் பேர்வழிகள் அதை நீக்கிவிட்டு அனுப்புகிறார்கள். பில்லில் அச்சிட இது ஏற்றதல்ல. வாடிக்கையாளர் குழம்புவார், அதற்குத் தனி முகவரியே மேல்.

வந்து விட்டதை என்ன செய்வது? பலர் டெலீட் செய்வதோடு நிறுத்திக் கொள்கிறார்கள். டெலீட் செய்தால் மெயில் புரோகிராம் எதையும் கற்றுக் கொள்வதில்லை. மெயிலைத் தேர்ந்தெடுத்து, மேலே ஆச்சரியக்குறியுடன் காணப்படும் "ரிப்போர்ட் ஸ்பாம்" ஐகானில் கிளிக் செய்திடவும். ஸ்பாம் போல்டரில் நல்ல மெயில் இருந்தால் "நாட் ஸ்பாம்" கிளிக் செய்திடவும். இரண்டாவதை யாரும் செய்வதில்லை. உண்மையில் அதுதான் கூடுதல் பலன் தரும்.

காரணம் இது. பால் கிரகாம் என்ற புரோகிராமர் 2002 ஆகஸ்டில் ஒரு வழியை விளக்கி எழுதினார். குப்பை மெயில்களையும் நல்ல மெயில்களையும் இரண்டு குவியலாக வைத்து, ஒவ்வொரு சொல்லும் எந்தக் குவியலில் எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டும். புது மெயில் வந்தால் அதன் சொற்களை வைத்து எந்தக் குவியலுக்கு நெருக்கம் என்று கணக்கிட வேண்டும். பட்டைத் தொட்டுப் பார்த்தே தரம் சொல்லும் வியாபாரி, ஆயிரம் சேலையைத் தொட்டுப் பழகியதால்தான் சொல்கிறார் அல்லவா? அதே போலத்தான். "ஜரிகை", "முந்தானை" என்ற சொற்கள் உங்கள் நல்ல குவியலில் அடிக்கடி வந்தால் அவை நல்ல அடையாளம் ஆகிவிடும். இன்றைய ஜிமெயில் இதைவிடப் பல படி மேலே போய், அனுப்பும் சர்வர், அதன் பழைய நடத்தை, மற்றவர்களின் புகார் என எல்லாவற்றையும் பார்க்கிறது. ஆனாலும் உங்கள் தீர்ப்பும் அதற்குத் தேவை. வெளிநாட்டிலிருந்து முன்பின் அறியாதவர் பணம், ஆர்டர் என்று எழுதும் மெயிலைக் கம்ப்யூட்டர் சந்தேகிப்பதில் வியப்பில்லை.

ஆகவே ஸ்பாம் போல்டரை வாரம் ஒரு முறையாவது பாருங்கள். ஜிமெயில் அதில் உள்ளவற்றை 30 நாட்களில் தானாகவே அழித்துவிடும். பிறகு மீட்க முடியாது. இன்னொன்று: மேலே உள்ள தேடல் கட்டத்தில் சாதாரணமாகத் தேடினால் ஸ்பாம் போல்டருக்குள் தேடாது. கட்டத்தின் வலது ஓரம் உள்ள ஐகானில் கிளிக் செய்து, கிடைக்கும் விண்டோவில் "சர்ச்" என்ற இடத்தில் "மெயில் அன்ட் ஸ்பாம் அன்ட் ட்ராஷ்" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாடிக்கையாளர் "அனுப்பிவிட்டேனே" என்று சொன்னால் முதலில் இங்கே தேடுங்கள்.

இதே விண்டோவில் பில்டரும் அமைக்கலாம். பழைய வாடிக்கையாளரின் முகவரியை "ஃப்ரம்" கட்டத்தில் தந்து, "கிரியேட் பில்டர்" கிளிக் செய்து, "நெவர் சென்ட் இட் டு ஸ்பாம்" என்பதில் டிக் அடையாளம் ஏற்படுத்தவும். அவர் மெயில் இனி ஸ்பாமுக்குப் போகாது. புது வாடிக்கையாளருக்கு? பில்லில் முகவரிக்குக் கீழே "சப்ஜெக்ட் இடத்தில் பில் எண்ணையும் இந்தச் சொல்லையும் எழுதவும்" என்று அச்சிட்டு, உங்கள் கடைக்கே உரிய ஒரு சொல்லைத் தாருங்கள். அந்தச் சொல்லுக்கு இதே போல பில்டர் போட்டுவிடுங்கள். "சாரி", "ஆர்டர்" போன்ற பொதுச் சொற்களுக்கு மட்டும் போடாதீர்கள். போலி ஆர்டர்களுக்கும் கதவைத் திறந்து விட்டதாகிவிடும்.

அன்சப்ஸ்கிரைப் லிங்க்கைக் கிளிக் செய்யலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். நீங்களே என்றோ பதிவு செய்த கடை, பத்திரிகை என்றால் தாராளமாகச் செய்யலாம். கூகுளும் யாஹுவும் 2024 பிப்ரவரியில் விதிகளைக் கடுமையாக்கின. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5,000-க்கு மேல் மெயில் அனுப்பும் நிறுவனங்கள், தாங்கள் யார் என்பதைத் தொழில்நுட்ப ரீதியில் உறுதி செய்ய வேண்டும். விளம்பர மெயில்களில் ஒரே கிளிக்கில் விலகும் வசதி தர வேண்டும். இரண்டு நாளில் பெயரை நீக்க வேண்டும். அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் ஜிமெயிலே காட்டும் அன்சப்ஸ்கிரைப் இதுதான். 2025 ஜூலையில் "மேனேஜ் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்" என்ற பகுதியும் வந்தது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்த்து விலகலாம். ஆனால் யாரென்றே தெரியாதவர் மெயிலின் அடியில் உள்ள லிங்க்கைத் தொடாதீர்கள். "இந்த முகவரியில் ஆள் இருக்கிறார்" என்று நீங்களே சொல்லிக் கொடுத்தது போலாகும். மெயிலில் உள்ள படமும் இதே வேலையைச் செய்யும். கண்ணுக்குத் தெரியாத சிறு படம் ஒன்றை வைத்து, அது இறங்கினால் மெயில் திறக்கப்பட்டது என்று அறிந்து கொள்வார்கள். செட்டிங்ஸ் சென்று ஜெனரல் டேபில் "இமேஜஸ்" என்ற இடத்தில், படத்தைக் காட்டும் முன் கேட்கும்படி அமைத்துவிடுங்கள்.

இனி ஆபத்தான பகுதி. விளம்பரக் குப்பை எரிச்சல் மட்டும்தான் தரும். ஆர்டர் வேடத்தில் வருவது பணத்தைப் பறிக்கும். "நாங்கள் வெளிநாட்டு இறக்குமதியாளர்கள், 300 பட்டுச் சேலைகள் தேவை, பர்ச்சேஸ் ஆர்டர் இணைத்துள்ளோம்" என்று வரும். இணைப்பைத் திறந்தால் இமெயில் பாஸ்வேர்டைக் கேட்கும் பக்கம் தோன்றும், அல்லது வைரஸ் இறங்கும். பட்டு வாங்குகிறவர் எப்படிப் பேசுவார் என்பது உங்களுக்குத் தெரியாதா? பார்டர் என்ன, முந்தானை என்ன, அசல் ஜரிகையா, எடை எவ்வளவு, பிளவுஸ் உண்டா என்று பத்துக் கேள்வி கேட்பார். கலரைக்கூடக் கேட்காமல் 300 சேலை வாங்குபவர் உண்மையான வாடிக்கையாளராக இருக்க முடியாது. பதில் எழுதி, சில்க் மார்க் உள்ளதா, எந்த எடையில் வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். இணைப்பைத் திறக்காமல், விவரத்தை மெயிலிலேயே டைப் செய்து அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதோடு காணாமல் போவார்கள்.

அடுத்து வரும் வகை, "சீனாவில் வேறொரு நிறுவனம் உங்கள் கடைப் பெயரில் டொமைன் பதிவு செய்ய விண்ணப்பித்துள்ளது, உடனே நீங்கள் வாங்காவிட்டால் கொடுத்துவிடுவோம்" என்பது. பல ஆண்டுகளாகச் சுற்றும் மோசடி இது. பதிலே எழுத வேண்டாம். "உங்கள் மெயில் பாக்ஸ் நிறைந்துவிட்டது, லாக் இன் செய்யவும்" என்பதும் அப்படியே. உண்மையில் நிறைந்துள்ளதா என்பதை நீங்களே ஜிமெயிலைத் திறந்து பாருங்கள். இலவசக் கணக்கில் டிரைவ், போட்டோஸ் எல்லாம் சேர்த்து 15 ஜிபி. சேலைப் படங்களால் அது நிறைந்துவிட்டால் புது மெயில் எதுவுமே வராது. ஸ்பாம் போல்டரில் கிடப்பதும் இந்தக் கணக்கில் சேரும்.

சட்டம் உதவுமா? அமெரிக்காவில் 2003-ல் கேன்-ஸ்பாம் என்றே ஒரு சட்டம் வந்தது. நம் நாட்டில் இமெயில் ஸ்பாமுக்கென்று தனிச் சட்டம் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு இதைத் தொட்டது. கருத்துச் சுதந்திரத்தைப் பாதிக்கிறது என்று அந்தப் பிரிவு முழுவதையும் உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்தது. 1909 எண்ணில் பதிவு செய்யும் வசதி விளம்பர அழைப்புகளுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமே, மெயிலுக்குப் பயன்படாது. வேறொருவர் போல நடித்துக் கம்ப்யூட்டர் மூலம் ஏமாற்றுவது 66டி பிரிவின்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறை உண்டு. போலி ஆர்டரை நம்பிப் பணம் அனுப்பிவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டுக் கொண்டு நாளைக் கடத்தாமல், உடனே 1930 எண்ணுக்குப் போன் செய்திடவும். பணம் அடுத்த கணக்குக்கு மாறும் முன் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கும். மணிக்கணக்கில் தாமதித்தால் அது குறைந்து கொண்டே போகும். அந்த மெயிலை அழித்துவிடாமல் வைத்திருங்கள். புகார் கொடுக்கும்போது அது தேவைப்படும்.